மலைத் தவளையும் துப்பாக்கி வெப்பமானியும்: ஐந்துக்கு மூன்றரை

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். துப்பாக்கி மாதிரி பிடித்து விசையை அழுத்தினால் எதிரே இருக்கும் பொருளின் வெப்பநிலையைக் காட்டுமே அந்த இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், அதில் விலை குறைந்த சாதாரண ரகம், குளிர்ந்த மலைகளில் தவளை, தேரை, பல்லி உருவத்துச் சாலமாண்டர் பார்க்கப் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் பாதி தப்பாக இருக்கும். எஞ்சின், குழாய், மின்பெட்டி பார்ப்பவர்களுக்காகச் செய்த கருவி இது, விரல் நீளத் தவளையை யாரும் மனதில் வைத்துச் செய்யவில்லை. கையேட்டில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது என்பதால் அந்தப் பகுதியை நான் எழுதுகிறேன்.

எதற்குத் தவளைக்கு வெப்பமானி என்று கேட்பவர்களுக்கு: பாலூட்டிகளைப் போல உள்ளேயே சூட்டை உண்டாக்கி அதைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு தவளை, சாலமாண்டர் போன்ற நீர்நிலவாழ்விகளுக்கு இல்லை. எங்கே உட்கார்கிறதோ அந்த இடத்தின் வெப்பம்தான் கிட்டத்தட்ட அதன் வெப்பம். பகலில் வெயில் சுட்டு இரவில் உறையும் மலையில் அது பிழைப்பது இடம் பார்த்து உட்கார்வதால்தான். கல்லுக்கு மேலா அடியிலா, கரையோரத் தண்ணீரா ஆழத் தண்ணீரா, பாசியா புல்லா என்பதில் பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் வந்துவிடும். இந்த வித்தியாசங்களை நின்ற இடத்திலிருந்தே, எதையும் தொடாமல், ஒரு நிமிஷத்தில் காட்டிவிடுவதுதான் இந்தக் கருவியின் பெரிய பலம். மூன்றரை மதிப்பெண்ணில் மூன்று அதற்கே போய்விட்டது.

ஓர் உதாரணம். காலை வெயில் வந்து கொஞ்ச நேரம் ஆன குட்டைக்கரை, நிழலில் காற்று 9 டிகிரி. கரும்பாறையின் மேல்முகம் 24. அதே பாறையின் மறைவுப் பக்கம் 7. ஈரப் பாசி 11. பாசிக்கும் பாறைக்கும் நடுவே, பின்பகுதியை ஈர மண்ணில் அழுத்திக்கொண்டு முதுகை வெயிலுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்த தவளையின் முதுகு 15. ஒரு கையகல இடத்துக்குள் இத்தனை பருவகாலம்! சாதாரண வெப்பமானி ஒன்றை மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தால் 9 என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருப்போம்.

சரி, பாறை 24 இருக்கும்போது தவளை ஏன் 15-லேயே நிற்கிறது? ஈரத் தோல்தான் காரணம். ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு வெயில் காய்வது போல அதன் நிலைமை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகப் போக ஏறக்குறைய 2,450 ஜூல் வெப்பம் வேண்டும். 10 கிராம் தவளையை ஒரு டிகிரி சூடாக்க 35 ஜூல் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்தில் ஒரு கிராம் தண்ணீர் தோலிலிருந்து ஆவியாகப் போனாலே ஏழு டிகிரிக்கான வெப்பம் அதோடு போய்விடுகிறது. வெயில் கொடுப்பதை ஈரம் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டே இருக்கும். காற்றடித்தால் இன்னும் மோசம். நிழலில், உலர்ந்த காற்றில் உட்கார்ந்திருக்கும் தவளை காற்றைவிடக் குளிர்ந்திருப்பதைக்கூட இந்தக் கருவியில் பார்க்கலாம், அதைப் பார்த்துக் கருவி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்தப் பின்பகுதி விஷயத்தையும் கவனிக்க வேண்டும். தவளை, தேரைகள் வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிறு தொடை ஓரத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். மேலே வெயிலில் இழப்பதைக் கீழே ஈர மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. பெருவின் ஆண்டிஸ் மலையில் வாழும் ரைனெல்லா ஸ்பினுலோசா என்ற தேரை இதில் கெட்டிக்காரன். காலையில் வெயில் காய்ந்து, சூடேறிய மண்ணோடு ஒட்டிப் படுத்து, உடம்பைக் காற்றைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் ஏற்றிக்கொள்ளும் என்று அங்கே வேலை செய்தவர்கள் பதிந்திருக்கிறார்கள். ஈரத் தோலை வைத்துக்கொண்டு அதைச் செய்வது சாமானியம் இல்லை.

இனி குறைகள். பட்டியல் நீளம்.

முதல் குறை, பார்க்கும் வட்டம். பெட்டியில் 12-க்கு 1 என்று போட்டிருப்பார்கள். 12 சென்டிமீட்டர் தூரத்தில் கருவி ஒரு சென்டிமீட்டர் வட்டத்தைப் பார்க்கிறது, தூரம் கூடக் கூட வட்டமும் பெரிதாகும் என்று அர்த்தம். ஒரு மீட்டர் தள்ளி நின்று சுட்டால் வட்டம் எட்டு சென்டிமீட்டருக்கு மேல். மூன்று சென்டிமீட்டர் தவளையை அங்கிருந்து அளந்தால் தவளை கொஞ்சம், பாறை நிறைய, இரண்டும் கலந்த சராசரி ஒன்று வரும். 36 சென்டிமீட்டரில் வட்டமும் தவளையும் ஒரே அளவு, அதுவும் போதாது, வட்டத்தின் விளிம்பு கறாரான கோடு கிடையாது. பாதித் தூரம், அதாவது 18 சென்டிமீட்டருக்குள் போனால்தான் எண்ணை நம்பலாம். அத்தனை கிட்டே போனால் தவளை இருக்குமா? குளிர்ந்த காலையில் இருக்கும், உடம்பு சூடேறிய பிறகு இருக்காது. இதனால் உங்கள் நோட்டில் குளிர்ந்த தவளைகளே அதிகம் சேரும். நிறைய அளவுகளைச் சேர்த்து ஏதாவது முடிவுக்கு வர நினைப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. 8-க்கு 1 ரகத்தை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்.

லேசர் புள்ளி இன்னொரு தலைவலி. அது அளக்கும் இடத்தைக் காட்டுகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். லேசர் லென்ஸுக்குச் சற்று மேலே இருக்கிறது, தூரத்தில் அது ஒரு பொருட்டில்லை, 18 சென்டிமீட்டரில் அதுவே பெரிய பொருட்டு. புள்ளி தவளையின் முதுகில் விழும்போது கருவி அதன் காலுக்குக் கீழே இருக்கும் பாசியை அளந்துகொண்டிருக்கும். தவிர, லேசரைக் கண்ணில் அடிப்பது எந்த உயிருக்கும் நல்லதில்லை. அணைத்துவைக்கும் வசதி இல்லாத மாடல் என்றால் அதன் வாயில் கருப்பு டேப் ஒட்டிவிட்டு, லென்ஸுக்கு நேராகக் குறிபார்த்துப் பழகுங்கள். மண்ணில் ஒரு கூழாங்கல்லை வைத்துக் கொஞ்ச நேரம் பயிற்சி எடுத்தாலே கை பழகிவிடும்.

குளிர்மலைக்கு என்றே வரும் தொல்லை அடுத்தது. இந்தக் கருவி எதிரே இருக்கும் பொருளின் கதிர்வீச்சைத் தன் சொந்த வெப்பநிலையோடு ஒப்பிட்டுத்தான் எண்ணைச் சொல்கிறது. கதகதப்பான சட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்து உடனே சுட்டால் கன்னாபின்னாவென்று காட்டும். வெளிக்காற்றில் அரை மணி நேரம் வைத்த பிறகுதான் நிதானத்துக்கு வரும். பையில் வெளிப்புறமாகத் தொங்கவிட்டு நடந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் குளிரில் சாதாரண பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், திரையும் மெதுவாக மாறும். அதனால் பேட்டரியை மட்டும் பைக்குள் கதகதப்பாக வைத்திருந்து அளக்கும்போது போடுகிறேன். லித்தியம் பேட்டரி ஏற்கும் மாடலானால் இந்தக் கூத்து தேவையில்லை.

மூடுபனி. மலையில் இது இல்லாத நாள் குறைவு. கருவிக்கும் தவளைக்கும் நடுவே மூடுபனி இருந்தால் அதன் நீர்த்துளிகளின் வெப்பத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும். உங்கள் மூச்சு லென்ஸில் படிந்தாலும் அப்படித்தான். குனிந்து கிட்டத்தில் அளப்பதால் மூச்சு நேராக அங்கேதான் போகும், முகத்தைத் திருப்பிக்கொண்டு சுடுங்கள்.

வானத்தின் குறுக்கீட்டைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மேகமில்லாத இரவில் கருவியை நேரே மேலே பிடித்துப் பாருங்கள், பூஜ்யத்துக்குக் கீழே எங்கேயோ போய் நிற்கும், சில மாடல்கள் அளக்க முடியவில்லை என்றே சொல்லிவிடும். ஈரத் தோலின் எமிசிவிட்டி (கதிர்வீசும் திறன்) 0.95-க்கு அருகில், அதாவது அதிலிருந்து வரும் கதிர்வீச்சில் பெரும்பங்கு அதனுடையது, ஒரு சிறு பங்கு சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு. வெட்டவெளியில் அந்தச் சுற்றுப்புறம் என்பது கடுங்குளிர் வானம். வானத்தை −40 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 5 டிகிரியில் இருக்கும் தவளையை இந்தக் கருவி 3 சொச்சம் என்று காட்டும். பெட்டியில் போட்டிருக்கும் ±1.5 டிகிரி துல்லியம் இதற்கு மேல் தனி. பூஜ்யத்துக்குக் கீழே அந்தத் துல்லியமும் குறையும், அதைக் கையேட்டின் பொடி எழுத்தில் தேடிப் படிக்க வேண்டும். தவளைக்கு மேலே ஒரு கையைக் குடையாகப் பிடித்தால் சரியாகிவிடுமே என்றால், இப்போது உங்கள் கையின் சூடு பிரதிபலிக்கும். அட்டையைப் பிடியுங்கள், அதுவும் வெளிக்காற்றில் ஆறிய அட்டையாக இருக்கட்டும்.

வாங்கும்போது விற்பனைப் பக்கத்தில் எமிசிவிட்டியை மாற்றிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. வந்த கருவியில் 0.95 என்று நிரந்தரமாகப் பூட்டியிருந்தார்கள். விற்றவரிடம் கேட்டால் கையேட்டின் படத்தைத் திருப்பி அனுப்புகிறார், அதிலும் 0.95 என்றுதான் இருக்கிறது. நல்லவேளை, தவளைக்கும் தண்ணீருக்கும் ஈர மண்ணுக்கும் அது ஏறக்குறைய பொருந்திவிடுகிறது. பளபளப்பான உலோகம் எதையாவது அளக்கவும் சேர்த்து வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

இதெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் தோலை அளந்து என்ன பயன், உடம்புக்குள் இருப்பதல்லவா வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முன்பெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் தவளையைப் பிடித்து, மெல்லிய வெப்பமானியைக் கழிவாய் வழியே செருகித்தான் அளந்தார்கள். பிடித்த கையின் சூடே சின்னத் தவளையைச் சில நொடிகளில் மாற்றிவிடும், அதற்கு ஏற்படும் கலவரம் வேறு. 2007-இல் ஜோடி ரௌலி, ராஸ் ஆல்ஃபோர்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் இதே மாதிரித் தொடாமல் அளக்கும் கருவிகளைச் சோதித்து, நீர்நிலவாழ்விகளின் உடல்வெப்பத்தை நம்பத் தகுந்தபடி அளக்கலாம் என்று எழுதினார்கள். சில கிராம் எடையுள்ள உடம்பில் தோலுக்கும் உள்ளுக்கும் பெரிய வித்தியாசம் நிற்காது என்பதுதான் காரணம். உள்ளங்கை நிறையும் பெரிய தேரை, அதுவும் இப்போதுதான் வெயிலுக்கு வந்தது என்றால் முதுகு முந்திக்கொள்ளும், உள்ளே இன்னும் குளிர்ந்திருக்கும்.

தொடாமல் அளப்பதில் இன்னொரு நன்மை, நோய். உலகெங்கும் தவளைகளைக் கொன்று தீர்க்கும் கைட்ரிட் பூஞ்சையை 1999-இல் அடையாளம் கண்டு பெயர் வைத்தார்கள். 17 முதல் 25 டிகிரி வரை அது நன்றாக வளரும், 28-க்கு மேல் தடுமாறும். குளிர்ந்த மலை அதற்குத் தோதான இடம். ஒரு குட்டையில் தவளையைத் தொட்ட கையோடு அடுத்த குட்டைக்குப் போவது எத்தனை கெடுதல் என்று விளக்க வேண்டியதில்லை. கருவியை வைத்து அளக்கிறேன் பேர்வழி என்று ஈரச் செருப்போடு குட்டை குட்டையாக இறங்கினாலும் அதே கெடுதல்தான்.

தண்ணீருக்குள் இந்தக் கருவி சுத்தமாக உதவாது. இன்ஃப்ராரெட் கதிரை ஒரு மில்லிமீட்டர் தண்ணீர்கூடத் தாண்டவிடாது. தெளிந்த தண்ணீரில் தலைப்பிரட்டை கண்ணுக்குத் தெரிகிறதே என்று சுட்டால் வருவது நீர்ப்பரப்பின் எண். இது பெரிய இழப்பு, ஏனென்றால் மலைத் தலைப்பிரட்டைகள் செய்யும் வேலையை அளந்து பார்ப்பதில் ஒரு தனி ருசி உண்டு. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா ஏரிகளில் இருக்கும் மஞ்சள்கால் மலைத் தவளையின் தலைப்பிரட்டைகள், பகலில் வெயில் பட்டுச் சூடேறிய கரையோர ஆழமற்ற தண்ணீரில் கூட்டமாக வந்து சேரும், மாலையில் கரையோரம் குளிரத் தொடங்கியதும் ஆழத்துக்கு இறங்கிவிடும். டேவிட் பிராட்ஃபோர்ட் 1980-களில் இதை விரிவாக ஆராய்ந்தார். அங்கே கோடை குறுகியது, தலைப்பிரட்டை தவளையாக மாற இரண்டு மூன்று கோடைகூட ஆகும், கிடைக்கும் ஒவ்வொரு டிகிரியும் வளர்ச்சிக்குப் பயன்படுகிறது.

அந்த ஏரிகளின் மேல் குளிர்காலத்தில் இந்தத் துப்பாக்கியைப் பிடித்தால் பனிப்பரப்பின் எண்ணைக் காட்டும், −12 என்றோ −15 என்றோ. கீழே, உறையாத அடித்தண்ணீரில், 4 டிகிரிக்குப் பக்கத்தில் தவளை சும்மா கிடக்கும். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம் என்பதால் அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிடுகிறது, அதை நம்பித்தான் இவை ஆறேழு மாதம் ஓட்டுகின்றன. ஆழம் குறைந்த ஏரியில் வேறு ஆபத்து: பனி மூடிய தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துபோய்ப் பெரிய தவளைகள் சாக, அதே தண்ணீரில் தலைப்பிரட்டைகள் பிழைத்ததையும் பிராட்ஃபோர்ட் பதிந்திருக்கிறார். ஆகவே கயிறு கட்டி இறக்கும் நீர்புகாத கம்பி வெப்பமானி ஒன்றை இந்தக் கருவியோடு சேர்த்து வாங்குங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் முழுக் கருவி. தென் அமெரிக்காவின் திட்டிக்காக்கா ஏரித் தவளை மாதிரி 3,800 மீட்டர் உயரத்தில் பெரும்பாலும் தண்ணீரை விட்டே வராத இனங்களுக்குக் கம்பி ஒன்றே போதும், துப்பாக்கிக்கு அங்கே வேலையில்லை.

இரவில்தான் இதன் அருமை தெரியும். தெளிந்த வானத்தின் கீழே புல்நுனியைச் சுட்டுப் பாருங்கள், காற்று 3 டிகிரி இருக்கும்போதே புல் −2 காட்டும். பக்கத்தில் தடித்த கல்லைக் கொஞ்சம் தூக்கி அடியில் சுட்டால் 6. (தூக்கிய கல்லை அப்படியே, அதே பள்ளத்தில், மெதுவாகத் திரும்ப வையுங்கள். புரட்டிப் போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், அது ஓர் உயிரின் வீடு.) மெல்லிய கல் பகலில் கொதித்து இரவில் உறைகிறது, தடித்த கல் இரண்டையும் மட்டுப்படுத்துகிறது. எந்தக் கல்லுக்கடியில் ஆள் இருக்கும் என்பதைச் சில நாள் அளந்து பழகியவர் கல்லைத் தூக்காமலேயே சொல்லிவிடலாம்.

இரவில் வெளியே திரியும் மலைத் தவளையை அளந்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். தவளை 5, அது உட்கார்ந்த மண் 5. ஒன்றுமே செய்யவில்லையே என்று தோன்றும். கொலம்பியாவின் உயர்மலைத் தவளைகளை ஆராய்ந்த கார்லோஸ் நவாஸ் போன்றவர்கள் காட்டியது, இந்த இனங்களில் பல இரவில் சூடேற்றிக்கொள்ள முயல்வதே இல்லை, தாழ்நிலத்து உறவுகள் விறைத்துப்போகும் குளிரிலும் இவற்றின் தசை வேலை செய்கிறது. ஆல்ப்ஸ் மலையின் கருப்புச் சாலமாண்டரும் அப்படித்தான், வெயிலைத் தவிர்த்து ஈரமான இரவில், மழை நின்ற பின், குளிரிலேயே சாவகாசமாக நடமாடும். குட்டியை வயிற்றில் இரண்டு மூன்று வருஷம் சுமக்கும் அளவுக்கு அதற்கு எதிலும் அவசரம் கிடையாது. இங்கே கருவி காட்டும் பூஜ்ய வித்தியாசமும் ஒரு விடைதான், எழுதிவையுங்கள்.

கருவி காட்டும் எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் தவளை செத்துவிட்டது என்றும் முடிவு கட்டவேண்டாம். வட அமெரிக்காவின் காட்டுத்தவளை (wood frog) உடம்பு நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உறைந்து, இதயம் நின்று, வசந்தத்தில் மறுபடி எழுந்து போகும். செல்களைக் காப்பது ஈரலிலிருந்து கொட்டும் குளுக்கோஸ். உறையத் தொடங்கும் அந்த நேரத்தில் உடம்பின் வெப்பம் சட்டென்று பூஜ்யத்துக்கு அருகே ஏறும், தண்ணீர் பனியாகும்போது வெளிவிடும் வெப்பம் அது. பெருவில் 5,400 மீட்டர் உயரத்தில், பனியாறு பின்வாங்கியதால் உண்டான குட்டைகளில் தவளைகள் குடியேறியதை 2007-இல் அறிவித்தார்கள். அந்த மாதிரி இடத்துக்கு இந்தக் கருவி போதுமா என்றால், போதாது. ஆளில்லாமல் தானே பதியும் சிறு பதிவுக் கருவிகளும், தவளை வடிவில் வார்த்த அகார் (கடற்பாசியில் எடுக்கும் கூழ்) பொம்மைகளும்தான் அங்கே வேண்டும். அகார் பொம்மை ஈரத்தை இழப்பது தவளை மாதிரியே இருப்பதால், இந்த இடத்தில் ஒரு தவளை உட்கார்ந்தால் எத்தனை டிகிரி ஆகும் என்பதை அது சொல்லிவிடும். வீட்டிலேயே வார்க்கலாம், ஆனால் ஒரு வெயிலில் சுருங்கிவிடும்.

வாங்குவது என்று முடிவு செய்தவர்களுக்கு மட்டும்: நெற்றியில் பிடிக்கும் காய்ச்சல் ரகத்தை வாங்கிவிடாதீர்கள், 32 டிகிரிக்குக் கீழே அது வாயே திறக்காது. 12-க்கு 1 அல்லது அதற்கு மேல், லேசரை அணைக்கும் வசதி, ஒரு தசம இடம் வரை காட்டும் திரை, இவை மூன்றும் இருந்தால் போதும், 500 டிகிரி வரை அளக்கும் என்பதற்கெல்லாம் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். வந்ததும் நொறுக்கிய பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்கி அதன் மேல் சுட்டுப் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நின்றால் வைத்துக்கொள்ளலாம், மூன்று டிகிரி தள்ளி நின்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். என்னுடையது 0.8 காட்டுகிறது, அதைக் கழித்துக்கொண்டு ஓட்டுகிறேன்.